போகாத ஊருக்கு வழி சொன்னவர்

1880களில் பிரெஞ்சுப் பத்திரிகைகள் புதுச்சேரியைப் பற்றி என்ன எழுதின என்று பார்க்கத்தான் அன்றைக்கு உட்கார்ந்தேன். பழைய வியாதி இது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆபீஸ் லேப்டாப்பை மூடிவிட்டு, சொந்த லேப்டாப்பைத் திறந்து, பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா மின்னூலகத்தில் துழாவ ஆரம்பித்தால் மணி போவது தெரியாது. 1885 என்று வருஷத்தை வடிகட்டியபோது 'லெ கோலுவா' என்ற பாரிஸ் தினசரியில் 'இந்தியக் கடிதங்கள்' என்றொரு தொடர் வந்து நின்றது. எழுதியவர் கையெழுத்து: நிர்வாணா.

சிரித்துவிட்டேன். அவர் மனசில் புத்தர் அடைந்த நிலை. நம்ம ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது துணியில்லாமல் நிற்பதுதான். மனுஷர் மறைந்துகொள்ள ஒரு போர்வை தேடி, நம் பாஷையில் அம்மணம் என்று பொருள்படும் பெயரை எடுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறார்.

யார் இந்த நிர்வாணா என்று தேடியபோதுதான் விஷயம் சுவாரஸ்யமானது. ஒக்தாவ் மிர்போ. 'ஒரு பணிப்பெண்ணின் நாட்குறிப்பு' நாவலை எழுதியவர். லூயி புனுவல் 1964இல் அதைப் படமாக எடுத்தார், பணிப்பெண்ணாக ழான் மொரோ நடித்தார். உலக சினிமா பார்க்கிறவர்களுக்குப் படம் தெரிந்திருக்கும், எழுதியவர் பெயர் தெரிந்திருக்காது. அந்த மிர்போ இலங்கை, புதுச்சேரி, இமயமலை என்று வரிசையாகக் கடிதம் எழுதியிருக்கிறார். மொத்தம் 11 கடிதங்கள். முதல் ஏழு லெ கோலுவாவில், மீதி நான்கு இன்னொரு பத்திரிகையில்.

ஆனால் அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இலங்கைக்கும்தான். பாரிஸில் உட்கார்ந்து எழுதினார், பிறகு நார்மண்டி கிராமப்புறத்துக்குப் போய் அங்கிருந்தும் எழுதினார். கையில் இருந்தது பிரான்சுவா தெலோன்க்ல் என்பவரின் அறிக்கைகள். இந்தியாவுக்கு அரசாங்க வேலையாக அனுப்பப்பட்ட ஆள் அவர். பிரதமர் ழூல் ஃபெரிக்கு அனுப்பிய அந்த அறிக்கைகளுக்கு மிர்போ கண், காது, மூக்கு எல்லாம் வைத்துப் பயணக் கடிதமாக்கினார். தொடர் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1885 மார்ச் 30ஆம் தேதி, வியட்நாம் சண்டை விவகாரத்தில் ஃபெரியின் அரசே கவிழ்ந்துவிட்டது. நிர்வாணாவின் பயணம் மட்டும் நிற்கவில்லை. போகாத பயணத்தை எது நிறுத்தும்?

என் பிரெஞ்சு, வார இறுதி வகுப்புகளில் மூன்று வருஷம் கற்றது. அகராதி பக்கத்தில் இல்லாமல் ஒரு பத்திகூட ஓடாது. அந்த வேகத்தில் படித்தும் எனக்கு ஒன்று புரிந்தது: வர்ணனை நன்றாகவே இருக்கிறது. உண்மை தெரியாமல் படித்திருந்தால் நம்பியிருப்பேன். இது ஒரு எழுத்தாளனுக்குப் பாராட்டா, குற்றச்சாட்டா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அவருடைய மற்ற புத்தகங்களை ஒரு வருஷமாகப் படித்துவருகிறேன்.

மிர்போ பிறந்தது 1848 பிப்ரவரி 16, நார்மண்டியில் திரெவியேர் என்ற சிறிய ஊர். வளர்ந்தது ரெமலார் என்ற இன்னொரு சிறிய ஊரில். அப்பா வைத்தியம் பார்த்தவர். பையனை வான் நகரில் இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். 15 வயதில், 1863இல், அங்கிருந்து வெளியேற்றப்பட்டான். காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1890இல் அவர் எழுதிய 'செபாஸ்தியான் ரோக்' நாவல் அதே மாதிரி ஒரு பள்ளியில், ஒரு பாதிரியார் ஒரு மாணவனைக் கெடுத்து, பிறகு பழியை அவன் மேலேயே போட்டுத் துரத்துவதைச் சொல்கிறது. அந்தக் காலத்தில் இதை நாவலாக எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! விமர்சகர்கள் திட்டக்கூட இல்லை, வாயை மூடிக்கொண்டார்கள்.

1870இல் பிரஷ்யாவுடன் யுத்தம் வந்தது. மிர்போ லுவார் படையில் சேர்ந்து தோல்வியைக் கிட்டத்தில் பார்த்தார். யுத்தம் முடிந்து பாரிஸுக்கு வந்தவருக்குப் பிழைப்பு வேண்டும். நெப்போலியன் வம்சத்தைத் திரும்பக் கொண்டுவர நினைத்த ஒரு அரசியல்வாதிக்குச் செயலாளர் வேலை. அந்தக் கட்சிப் பத்திரிகையில் அவர்கள் சொன்னதை எழுதும் வேலை. கொஞ்ச காலம் ஒரு மாவட்ட நிர்வாகத்தில் வேலை. கொஞ்ச காலம் பங்குச் சந்தை. பிறகு லெ கோலுவாவின் முதலாளி ஆர்தர் மேயரிடம் செயலாளர். ஏறத்தாழ பன்னிரண்டு வருஷம் இப்படி ஓடியது. கை மட்டும் அவருடையது. கருத்து சம்பளம் கொடுத்தவருடையது.

இதோடு இன்னொரு வேலையும் நடந்தது. வேறு ஆட்களுக்கு நாவல் எழுதிக்கொடுப்பது. பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் என்கிறார்கள். 'அலேன் பொகேன்' என்ற பெயரில் 1882இல் 'குதிரைக்காரி', 1883இல் 'மார்ஷலின் மனைவி', 1884இல் 'அழகி மதாம் லெ வாசார்' வந்தன. பொகேன் என்பதே ஒரு பணக்காரரின் புனைபெயர். அந்தப் புனைபெயருக்குள் இருந்தவர் மிர்போ. முகமூடிக்குள் முகமூடி. 'மார்ஷலின் மனைவி'க்கு முன்னுரை எழுதியவர் அன்றைய பெரிய எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் தொதே. தொதே பாராட்டு எழுதுகிறார், பாராட்டு போய்ச் சேர்வது காசு கொடுத்தவருக்கு. எழுதியவர் எங்கோ ஓர் அறையில் அடுத்த புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறார்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு. ஒரு நிரலில் எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று வரிக்கு வரி காட்டிவிடும். இலக்கியத்தில் அப்படி ஒன்று கிடையாது. பியேர் மிஷேல் என்ற ஆய்வாளர் தன் ஆயுளில் பெரும்பகுதியை மிர்போவுக்கே கொடுத்தவர். நடை, கடிதங்கள், திரும்பத் திரும்ப வரும் உருவகங்கள் என்று பார்த்துப் பார்த்து இந்த நாவல்களை மிர்போ கணக்கில் சேர்த்தவர் அவர்தான். 2000இல் வெளிவரத் தொடங்கிய மிர்போவின் நாவல் தொகுப்பில் இவற்றில் ஐந்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார்கள். இந்தியக் கடிதங்கள் முதன்முதலாகப் புத்தகமாக வந்தது 1991இல். எழுதி 106 வருஷம் கழித்து.

இந்த வாடகைக் காலத்துக்கு நடுவிலேயே, 1882இல், தன் சொந்தப் பெயரில் ஒரு சிறுகதை எழுதினார். பிரெஞ்சுத் தலைப்பைத் தமிழில் 'தோற்றுப்போனவன்' என்று சொல்லலாம். கதையில் வருகிறவன் பிறர் பெயரில் புத்தகம் எழுதிக்கொடுத்தே காலத்தை ஓட்டியவன். நல்ல வரிகள் எல்லாம் அவனுடையவை, ஆனால் எல்லாவற்றிலும் வேறு பெயர். இப்போது உரிமை கேட்கப் போனால் திருடன் என்பார்கள், இல்லையென்றால் பைத்தியம் என்பார்கள். என் பணத்தை நானே திருடியவன் ஆகிவிடுவேன் என்கிற மாதிரி ஒரு நிலைமை. சின்னக் கதைதான். ஆனால் மிர்போவைப் புரிந்துகொள்ள முதலில் படிக்க வேண்டியது இது என்பது என் அபிப்பிராயம். முதலில் நாட்குறிப்பைப் படிக்கச் சொல்கிறவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, அவர்கள் ருசியான சாப்பாட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். எனக்குச் சமையலறை வேண்டும்.

இதில் மிக அசிங்கமான பகுதியையும் சொல்லிவிட வேண்டும். 1883 ஜூலையிலிருந்து 1884 ஜனவரி வரை 'லெ கிரிமாஸ்' என்ற வாரப் பத்திரிகையை மிர்போ நடத்தினார். அதில் யூத வெறுப்பு வண்டி வண்டியாக இருந்தது. அதை யாரோ எழுதச் சொன்னார்கள் என்று தப்பிக்க முடியாது, பத்திரிகையே அவர் கையில். 1885 ஜனவரியில் இன்னொரு தினசரியில் அதற்கு வருத்தம் தெரிவித்து எழுதினார். எழுதிய அடுத்த மாதம், பிப்ரவரியில், நிர்வாணாவாகக் கப்பல் ஏறினார். ஒரு பாவத்துக்கு மன்னிப்புக் கேட்ட கை இன்னும் காயவில்லை, அடுத்த பொய்யைத் தொடங்கிவிட்டது. மனுஷன் இப்படித்தான் என்று தோன்றும்போது கோபமும் வருகிறது, கொஞ்சம் பரிதாபமும் வருகிறது.

என் கோபத்துக்கு ஒரு சொந்தக் காரணம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலைந்து வருஷத்துக்கு முன் இதே தளத்தில், தென்னார்க்காடு பக்கம் ஒரு சின்ன ஊரின் ஏரிக் கல்வெட்டைப் பற்றி எழுதினேன். கல்வெட்டுப் பாடம் புத்தகத்தில் இருந்தது, ஊரின் அமைப்பு பழைய கெஜட்டியரில் இருந்தது. நான் அந்த ஊருக்குப் போனதில்லை. போனேன் என்று எழுதவும் இல்லை. ஆனால் 'மதிய வெயிலில் படித்துறைக் கற்கள் கொதிக்கின்றன' என்று ஒரு வரி எழுதினேன். ஏன் எழுதினேன்? பத்தி வறண்டு கிடந்தது, அதனால். இரண்டு நாளில் அந்த ஊர்க்காரர் ஒருவர் மறுமொழி போட்டார். "சார், அந்தப் படித்துறை இடிஞ்சு இருபது வருஷமாச்சு. கல்லையெல்லாம் ரோட்டுக்கு எடுத்துட்டாங்க. நீங்க எப்ப வந்தீங்க?" அவ்வளவுதான். திட்டவில்லை. அந்தக் 'கீங்க'வுக்குப் பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. வரியை எடுத்துவிட்டு, எடுத்ததையும் கீழே குறித்தேன். கல்வெட்டைப் பற்றி நான் சொன்னது இன்றும் சரிதான். ஆனால் அந்த ஊர்க்காரர் அதற்குப் பிறகு என் பதிவுகளைப் படிக்கிறாரா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

நிர்வாணாவுக்கு அப்படி யாரும் எழுதவில்லை. புதுச்சேரியில் லெ கோலுவா படித்த எவரேனும் சிரித்திருக்கலாம். அந்தச் சிரிப்பு பாரிஸுக்குப் போய்ச் சேரவில்லை.

சரி, மிர்போவுக்கே வருவோம். 1886இல் முதல் தடவையாகத் தன் பெயர் போட்டு ஒரு நாவல்: 'கல்வாரி'. அதில் யுத்தத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. கதை சொல்கிறவன் விடியற்காலையில் எதிரி வீரன் ஒருவனைப் பார்க்கிறான். சூரிய உதயத்தை ரசித்துக்கொண்டு நிற்கும் அவன் மேல் பிரியம் வந்துவிடுகிறது. அதே கணத்தில் கை தன்னால் சுட்டுவிடுகிறது. ஓடிப்போய்ப் பிணத்துக்கு முத்தம் கொடுக்கிறான். நாவலைத் தொடராகப் போட்ட பத்திரிகை ஆசிரியை ழூலியத் ஆதாம் இந்த அத்தியாயத்தை அச்சிடவே மறுத்துவிட்டார். தோற்ற தேசத்தில் இதைச் சொல்லக்கூடாது. புத்தகத்தில் வந்தது, தேசபக்தர்கள் கொதித்தார்கள். நேரில் இருந்தவன் எழுதிய பக்கங்கள் இவை. கை ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமும் போவது என்பது அவருக்கு யுத்தத்தில் மட்டும் தெரிந்த விஷயமல்ல என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்கிறேன்.

இந்தியக் கடிதங்களை அவர் உயிரோடு இருந்தவரை புத்தகமாக்கவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் மிர்போ எதையும் வீணாக்காத ஆள். பத்திரிகையில் எழுதிய துண்டுக் கதைகளை ஒட்டுப்போட்டு 1901இல் 'ஒரு நரம்புத் தளர்ச்சிக்காரனின் 21 நாட்கள்' என்று ஒரு நாவலே செய்தார். காரில் பெல்ஜியம், ஹாலந்து, ஜெர்மனி சுற்றியதை 1907இல் புத்தகமாக்கி, காரின் நம்பர் பிளேட்டையே தலைப்பாக வைத்தார். நிஜமாகப் போன பயணம் அது, வண்டி நம்பரோடு சாட்சி. இந்தியக் கடிதங்களை மட்டும் தொடவில்லை.

தொடவில்லை என்று சொன்னேனா? தொட்டார், வேறு விதமாக. 1899இல் 'சித்திரவதைத் தோட்டம்' வந்தது. சீனாவில் ஒரு சிறைத் தோட்டம், பூக்களுக்கு நடுவே சித்திரவதை, அதைப் பார்த்துக் கிளர்ச்சி அடையும் கிளாரா என்ற ஆங்கிலப் பெண். இந்த இரண்டாம் பாதிக்காகத்தான் புத்தகம் பெயர் வாங்கியது, கெட்ட பெயரும் சேர்த்து. எனக்கு அந்தப் பாதி பத்துப் பக்கத்துக்கு மேல் சலித்துவிட்டது. ரத்தத்தை ஊற்றிக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் அது சாயத்தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஆனால் யாரும் பேசாத முதல் பாதி இருக்கிறதே, அதுதான் எனக்கு முக்கியம்.

கதை சொல்கிறவன் தேர்தலில் தோற்ற ஒரு அரசியல் எடுபிடி. ஒரு மந்திரியின் ரகசியங்கள் அவனுக்குத் தெரியும். அவனை ஊரைவிட்டு அப்புறப்படுத்த மந்திரி ஒரு வழி கண்டுபிடிக்கிறார். அவனை விஞ்ஞானியாக்கி, அரசாங்கச் செலவில் இலங்கைக்கு அனுப்புவது! உயிரின் ஆதி அணுவை இலங்கைக் கடலில் தேட வேண்டுமாம். கருவியலில் அவனுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. மந்திரிக்கு அதுபற்றிக் கவலையும் இல்லை. கப்பலில் கிளாராவிடம் நான் விஞ்ஞானி இல்லை, போலி என்று ஒப்புக்கொள்கிறான். இலங்கை வேலை காற்றோடு போகிறது. அவளோடு சீனா போகிறான்.

அரசாங்க வேலையாக வந்த ஒருவரின் அறிக்கையை வைத்து இலங்கைக்குப் போனதாக 1885இல் எழுதிய ஆள், 14 வருஷம் கழித்து, அரசாங்க வேலையாக இலங்கைக்குப் புறப்பட்டு அங்கே எதையும் ஆராயாத ஒரு போலியை எழுதுகிறார். அவனைக் கப்பலிலேயே வாய்திறந்து ஒப்புக்கொள்ளவும் வைக்கிறார். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதே கப்பலில் ஓர் ஆங்கில ராணுவ அதிகாரி வருகிறான். டம்டம் என்ற புதுத் துப்பாக்கிக் குண்டின் அருமை பெருமைகளைத் தன் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறான். டம்டம் கல்கத்தா பக்கத்தில் இருக்கும் ஊர், இன்றைக்கு விமான நிலையம் இருக்கும் இடம். அந்த உரையாடலில் எந்த வர்ணனையும் இல்லை, தென்னை மரம் இல்லை, சூரிய அஸ்தமனம் இல்லை. போகாத நாட்டில் என்ன நடந்ததென்று 11 கடிதங்களைவிட அந்த ஒரு உரையாடல் எனக்கு அதிகம் சொன்னது.

அடுத்த வருஷம், 1900இல், நாட்குறிப்பு. நாவலுக்கு முன்னால் ஒரு குறிப்பு வரும்: இந்தப் புத்தகத்தை நிஜமாகவே எழுதியது செலஸ்தீன் என்ற பணிப்பெண், என்னைத் திருத்தித் தரச் சொன்னாள், நான் கை வைத்துக் கெடுத்துவிட்டேனோ என்று பயப்படுகிறேன், என்ற தோரணையில். பழைய நாவல்களில் இது சாதாரண உத்தி, நூறு பேர் செய்ததுதான். மிர்போ செய்யும்போது வேறு மாதிரி கேட்கிறது. பணக்காரர்களுக்கு எழுதிக்கொடுத்துப் பெயரை அவர்களுக்கு விட்டவர், இப்போது ஒரு வேலைக்காரிக்கு எழுதிக்கொடுப்பதாகச் சொல்லிப் பெயரை அவளுக்கு விடுகிறார். செலஸ்தீனும் வீட்டுக்கு வீடு மாறும் ஆள். எஜமானர்களின் அழுக்கை எல்லாம் பார்த்தவள், சிரித்தபடி கைகட்டி நின்றவள். மிர்போ செயலாளராக நின்ற நிலைக்கும் அவள் நிலைக்கும் தூரம் அதிகமில்லை. கடைசியில் அவள் ஷெர்பூர் துறைமுகத்தில் காபிக்கடை முதலாளியம்மா ஆகித் தன் வேலைக்காரிகளை அதட்டுகிறாள். அவளைக் கூட்டிப்போன ழோசெஃப் ஒரு யூத வெறுப்பாளன், அவன் ஒரு சிறுமியைக் கொன்றிருக்கலாம் என்றே அவள் நம்புகிறாள், தெரிந்தும் போகிறாள். அழுக்கைப் பார்த்தவர்கள் சுத்தமாகிவிடுவார்கள் என்ற ஆறுதலை மிர்போ நமக்குத் தரவில்லை, தனக்கும் தந்துகொள்ளவில்லை. அவருடைய புத்தகங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

நாடகத்தில் அவர் வந்த கதை தனி. 1882இல் லெ ஃபிகாரோவில் நடிகர்களைக் கேவலப்படுத்தி ஒரு கட்டுரை எழுதி, பெரிய ரகளையாகி, வேலை போனது. அப்படிப்பட்டவர் 1887இல் கல்யாணம் செய்துகொண்டது அலிஸ் ரெஞோ என்ற முன்னாள் நடிகையை! 1897இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய 'கெட்ட மேய்ப்பர்கள்' நாடகத்தில் நடித்தவர் சாரா பெர்னார். நாடகம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும், அதை விட்டுவிடலாம்.

'வியாபாரம் வியாபாரம்தான்' அப்படியில்லை. 1903 ஏப்ரல் 20, கொமெதி ஃபிரான்சேஸ் அரங்கில் முதல் காட்சி. அந்த அரங்கில் எந்த நாடகம் போடலாம் என்று நடிகர்கள் குழு ஒன்று தீர்மானிக்கும் வழக்கம் இருந்தது. இந்த நாடகத்தை வைத்து எழுந்த சண்டையில் 1901இல் அந்தக் குழுவையே ஒழித்துவிட்டார்கள். கதாநாயகன் இசிதோர் லெஷா: பணம், பத்திரிகை, மாளிகை எல்லாம் வைத்திருக்கும் மோசடிக்காரன். இரண்டு மின் பொறியாளர்கள் ஒரு நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தோடு அவனை ஏமாற்ற வருகிறார்கள் (நம்ம தொழிலுக்கு அன்றைக்கே இந்தப் பெயர்). மகள் ஜெர்மேன் அப்பாவின் காசில் சாப்பிடுவதே அருவருப்பாகி வீட்டைவிட்டுப் போகிறாள். மகன் கார் விபத்தில் சாகிறான். பிணம் வரும் நேரம், லெஷா உடைந்துபோயிருக்கும் நேரம் பார்த்து, பொறியாளர்கள் ஒப்பந்தத்தில் தங்களுக்குச் சாதகமாக மாற்றி எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுகிறார்கள். அழுதுகொண்டிருந்த லெஷா கண்டுபிடித்துவிடுகிறான். திருத்தி எழுதவைக்கிறான். பிறகுதான் மகனிடம் போகிறான்.

இந்தக் கடைசிக் காட்சியைப் பேராசையின் உச்சம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் படித்தபோது வேறொன்றும் பட்டது. லெஷாவுக்கு ஒரு காகிதத்தில் வேறொருவன் நுழைத்த வரி எது என்று உடனே தெரிகிறது. மகன் செத்த நேரத்திலும் தெரிகிறது. இப்படிப்பட்ட கண்ணை எழுத, எத்தனையோ காகிதங்களில் தானே வேறொருவனாக நுழைந்தவன் வேண்டும்.

டிரைஃபஸ் வழக்கில் மிர்போ நடந்துகொண்டதைப் பற்றிச் சந்தேகமில்லாமல் பெருமைப்படலாம். 1898இல் எமிலி ஜோலாவுக்கு விதித்த அபராதம் 7,500 பிராங்கைத் தன் கையிலிருந்து கட்டினார். ஊர் ஊராகக் கூட்டம் பேசினார். எதிரிகள் சும்மா இருப்பார்களா? பழைய லெ கிரிமாஸ் பக்கங்களை எடுத்துக் காட்டினார்கள். அதற்கு அந்த நவம்பரில் 'லோரோர்' பத்திரிகையில் பதில் எழுதினார். தலைப்பைத் தமிழில் 'பல்டிகள்!' என்றுதான் சொல்ல வேண்டும். ஆமாம், நான்தான் எழுதினேன், தப்பு, என்று ஒப்புக்கொண்டார். நம் ஊர் எழுத்தாளர்கள் எத்தனை பேரிடம் இதை எதிர்பார்க்க முடியும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பட்டியல் சுருங்கிவிட்டது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். வெறுப்பை எழுதியதைப் பத்திரிகையில், சொந்தப் பெயரில் ஒப்புக்கொண்டவர், வாடகைக்கு எழுதியதையும் போகாத ஊரை எழுதியதையும் அப்படி ஒப்புக்கொள்ளவே இல்லை. அதெல்லாம் கதைக்குள் மட்டும்தான் வரும், பாத்திரங்கள் வாயால். கடைசிவரை முடிக்காமல் வைத்திருந்து, செத்த பிறகு 1920இல் வெளியான 'ஒரு கனவான்' நாவலிலும் கதை சொல்கிறவன் ஒரு பிரபுவிடம் செயலாளர் வேலைக்குச் சேர்கிறவன். மூளையை மாதச் சம்பளத்துக்கு விடுவது உடம்பை விடுவதைவிடக் கேவலம் என்கிற ரீதியில் பொருமுகிறான். தப்பான கருத்து வைத்திருந்தேன் என்று சொல்வது சுலபம், இன்றைக்குச் சரியான கருத்து இருக்கிறதே. நான் எழுதியது எதுவுமே என்னுடையதாக இல்லாத ஒரு காலம் இருந்தது என்று சொல்ல, கையில் என்ன மிச்சம் இருக்கும்?

அவர் பெயரை மற்றவர்களுக்காகச் செலவழித்த விதமும் இதோடு சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். 1890 ஆகஸ்டில் லெ ஃபிகாரோவில் ஒரே ஒரு கட்டுரை, யாருக்கும் தெரியாத பெல்ஜியக்காரர் மெதர்லிங்க் ஒரே நாளில் பிரபலம். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். வான்கோவின் 'ஐரிஸ்' ஓவியத்தை முதலில் வாங்கியவர் மிர்போ, 300 பிராங்க். அது 1987இல் 5 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. 1910இல் மார்கெரித் ஓது என்ற தையல்காரப் பெண்மணி எழுதிய 'மரி-கிளேர்' நாவலுக்கு முன்னுரை எழுதி உலகத்துக்குக் காட்டினார். அந்த வருஷமே அதற்கு ஃபெமினா பரிசு. அட்டையில் ஓதுவின் பெயர், உள்ளே எழுத்தும் ஓதுவுடையது.

கடைசி வருஷங்களில் உடம்பு போய்விட்டது. தன் நாயைப் பற்றிய 'டிங்கோ' நாவலை 1913இல் முடிக்க முடியவில்லை. கடைசிப் பக்கங்களை நண்பர் லெயோன் வெர்த் எழுதிக்கொடுத்தார். 'குட்டி இளவரசன்' படித்தவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும், அந்தப் புத்தகம் சமர்ப்பணம் செய்யப்பட்டது இவருக்குத்தான். டிங்கோ அட்டையில் வெர்த் பெயர் இல்லை.

மிர்போ இறந்தது 1917 பிப்ரவரி 16, அவருடைய 69ஆம் பிறந்தநாள். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து 'லெ பெத்தி பரிசியேன்' தினசரியில் 'ஒக்தாவ் மிர்போவின் அரசியல் சாசனம்' என்று ஒன்று வந்தது. ஆயுள் முழுக்க ராணுவத்தையும் தேசவெறியையும் திட்டியவர் சாகும்போது தேசத்தின் காலில் விழுந்துவிட்டார் என்று அதைப் படித்தால் தோன்றும். வெளியிட்டது மனைவி அலிஸ். எழுதியது குஸ்தாவ் எர்வே, முன்பு யுத்த எதிர்ப்பாளராக இருந்து பல்டியடித்துத் தேசபக்தரானவர். நண்பர்கள், வெர்த் உள்பட, இது அவர் எழுத்து இல்லை, போலி என்று எவ்வளவோ கத்திப் பார்த்தார்கள்.

நிர்வாணாவின் புதுச்சேரிக் கடிதத்தைத் தமிழில் போட ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு பத்தி முடிந்தது. புதுச்சேரியில் வளர்ந்த ஒரு நண்பரிடம் காட்டி, தெருவும் கடலும் சரியாக இருக்கிறதா என்று கேட்டபிறகுதான் இங்கே போடுவேன், அதற்கு ஒரு மாதம் ஆகலாம். எழுதியவர் பெயர் போடும் இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன். நிர்வாணா, மிர்போ, தெலோன்க்ல், எதைப் போடலாம் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.